ஹவுஸ் ஓனர் பான் தரவில்லை, பழைய வரிமுறையில் போகலாமா?

வணக்கம் நண்பர்களே, சம்பளக்காரர்களுக்கு வரி தாக்கல் செய்து பழக்கப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2025-26 நிதியாண்டில் என் சம்பளம் 14.2 லட்சம். புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக வரி, செஸ் (வரிமேல் கூடுதல் வரி) சேர்த்து 85,020 வருகிறது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்று ஊரே கொண்டாடியது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, பழைய முறையில் போட்டுப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். நிலைக்கழிவு 50,000, சேமிப்புகளுக்கான 80சி கழிவு முழுசாக 1.5 லட்சம், ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் கடன் வட்டி 2 லட்சம், என் மருத்துவக் காப்பீடு 18,000, அப்பாவின் மருத்துவச் செலவு 50,000, சென்னையில் மாதம் 16,000 வாடகைக்கு எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு 1.21 லட்சம், இதெல்லாம் கழித்தால் 81,848. மூவாயிரம் ரூபாய்தான் மிச்சம், ஆனாலும் விட மனசில்லை.

சிக்கல் இரண்டு. வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டுவதால் ஓனரின் பான் வேண்டும், அவரோ கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வாடகையை வங்கி வழியாகத்தான் அனுப்புகிறேன், அந்த ஸ்டேட்மென்ட் மட்டும் போதுமா? அப்புறம் அப்பாவுக்கு வயது 68, காப்பீடு கிடையாது, ஆனால் ஆஸ்பத்திரி பில்லில் பாதியை அவசரத்தில் ரொக்கமாகக் கட்டிவிட்டேன். மருத்துவச் செலவைக் கழிக்கும் 80டி பிரிவில் ரொக்கம் செல்லாது என்பது தெரியும், மீதியை மட்டும் காட்டினால் நோட்டீஸ் வருமா?

அனுபவப்பட்டவர்கள் சொன்னால் கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.