மவுல்வுர்ஃப்: அகழெலியின் ஜெர்மன் பெயரில் 'வாய்' எப்படி வந்தது?

கேள்வி:
அகழெலிக்கு ஜெர்மனில் 'மவுல்வுர்ஃப்'. மவுல் என்றால் விலங்கின் வாய், வுர்ஃப் என்றால் வீச்சு. ஆனால் அது மண்ணைத் தள்ளுவது முன்னங்கால்களால்தானே? வாயால் எறிவதாக ஏன் பெயர்?

பதில் 1:
வாய்க்கும் இந்தப் பெயரின் தொடக்கத்துக்கும் தொடர்பே இல்லை. இன்றைய வடிவத்தைப் பிரித்ததால் வந்த சிக்கல் இது. கூட்டுச்சொல்லை எப்போதும் அதன் மிகப் பழைய வடிவத்தில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பழைய மேல்ஜெர்மனில் (ஜெர்மன் மொழியின் மிகப் பழைய நிலை) இது 'மூவெர்ஃப்'. 'மூ' என்றால் குவியல். பழைய ஆங்கிலத்தின் 'மூகா' இதற்கு உறவு. 'வெர்ஃபென்' என்றால் எறிதல். ஆக, 'குவியல் எறிவான்'. புல்தரையில் வரிசையாகக் கிடக்கும் மண்மேடுகளைப் பார்த்து வைத்த பெயர், மிகப் பொருத்தமானது!

பிறகு 'மூ' தனிச்சொல்லாக வழக்கிழந்தது. பொருள் புரியாத இடத்தில் மக்கள் 'மோல்ட்' (புழுதி, மண்) என்பதை வைத்து 'மோல்ட்வெர்ஃப்' ஆக்கினார்கள். அதுவும் மங்கியதும், ஓசையில் நெருங்கிய 'மூல்' (வாய்) வந்து உட்கார்ந்தது. கடைசியில் நெடில் 'ஊ' முறைப்படி 'அவு' ஆனது: ஹூஸ் ஹவுஸ் ஆனது, மூஸ் மவுஸ் ஆனது, மூல் மவுல் ஆனது.

பதில் 2:
பின்பாதியிலும் கவனம் வேண்டும். இன்று 'வுர்ஃப்' என்பது எறியும் செயல். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கும் அதே சொல். ஆனால் இந்தப் பெயரில் அது செயலைக் குறிக்கவில்லை, எறிகிற விலங்கையே குறித்தது. இடைநிலையில் இருந்த 'மண்' என்ற பொருளை ஆங்கில வட்டார வழக்கின் 'மோல்டுவார்ப்' இன்னும் வைத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒரு சொல் இப்படித் திரிந்தது என்பதை எதை வைத்து உறுதி செய்வது?

பதில் 1:
ஒலிமாற்றத்தை வைத்துத்தான்: முறைப்படி மாற வேண்டிய ஒலி மாறாவிட்டால், வேறொரு சொல் குறுக்கிட்டிருக்கிறது என்று பொருள். இடுகாட்டைக் குறிக்கும் 'ஃப்ரீட்ஹோஃப்' நல்ல எடுத்துக்காட்டு. 'ஃப்ரீட' (அமைதி) என்பதிலிருந்து வந்ததாகவே பலரும் நினைப்பார்கள். பழைய வடிவம் 'ஃப்ரீத்ஹோஃப்', அதாவது வேலியிட்டுக் காத்த முற்றம். அதன் நெடில் 'ஈ' முறைப்படி 'ஐ' ஆகியிருக்க வேண்டும். பொதுமொழியில் ஆகவில்லை, 'அமைதி' குறுக்கே வந்து மாற்றிவிட்டது. பவேரிய, ஆஸ்திரிய வட்டார வழக்கில் அது ஒழுங்காக மாறி 'ஃப்ரைட்ஹோஃப்' என்றே இருக்கிறது.