நாகப்பட்டினத்தில் வீடு வாங்கிக் குடியேற எண்ணம்: அடிமனை, தண்ணீர், உப்புக்காற்று குறித்து அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

நெய்தல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, வரும் ஏப்ரல் மாதம் ஓய்வு பெறுகிறேன். என் மனைவி நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே சென்று வாழ வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன மாதம் நான்கு நாள் தங்கிப் பார்த்த பிறகு எனக்கும் அந்த ஊர் மனத்துக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு இடங்களைப் பார்த்திருக்கிறோம். முதலாவது, நகரின் பழைய பகுதியில் கோயிலை ஒட்டிய தெருவில் உள்ள ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு என்று எல்லாம் இருக்கிறது. பின்னால் 1990-களில் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டிய இரண்டு அறைகளும் உண்டு. அக்கம்பக்கத்து விலையில் ஏறக்குறைய பாதிதான் சொல்கிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் அவசரமாக விற்பதாகத் தரகர் கூறுகிறார். இரண்டாவது, வேளாங்கண்ணி செல்லும் வழியில் தென்னந்தோப்பைப் பிரித்துப் போட்ட ஆறு சென்ட் மனை. அதிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

கையில் இருப்பது வருங்கால வைப்பு நிதிப் பணம் மட்டுமே. அதை ஒருமுறைதான் செலவழிக்க முடியும். எனவே எந்த இடம் நல்லது, எதையெல்லாம் பார்க்க வேண்டும், அறுபது வயதுக்கு மேல் அந்த ஊரில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அங்கே இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

சங்கிலி அளவை எழுதியது:

வணக்கம் ஐயா. வருவாய்த் துறையில் நில அளவைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாதி விலை என்ற சொல்லைப் படித்ததுமே, அது அடிமனை வீடாக, அதாவது வீடு ஒருவருக்கும் அது நிற்கும் மண் வேறொருவருக்கும் சொந்தமானதாக, இருக்குமோ என்றுதான் தோன்றியது.

காவிரிப் படுகையின் பழைய ஊர்களில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் தர்காக்களுக்கும் சொந்தமான மனைகள் ஏராளம். அந்த மனையில் மூன்று, நான்கு தலைமுறைக்கு முன் ஒருவர் வாடகைக்கு இடம் பெற்று வீடு கட்டியிருப்பார். கட்டடம் அவருடையது, மண் கோயிலுடையது. வீடு கைமாறும்போது எழுதப்படும் பத்திரத்தில், சொத்து விவரத்தின் கடைசி வரிகளில் "அடிமனை நீங்கலாக, மேல்கட்டுமானம் மட்டும்" என்று ஒரு தொடர் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் படிப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. இப்படிப்பட்ட வீட்டை வாங்கினால் நீங்கள் வாங்குவது செங்கல்லும் ஓடும்தான். கோயில் நிர்வாகம் உங்களை வாடகைதாரராக ஏற்றுக்கொண்டு பெயர் மாற்றித் தர வேண்டும். நியாய வாடகையை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. நிலுவை இருந்தால் அதுவும் உங்கள் தலையில் வந்து விழும். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

சிலர் மண்ணையும் சேர்த்தே எழுதித் தருவதாகச் சொல்வார்கள். அது இன்னும் ஆபத்து. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி ஆணையரின் முன் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அத்தகைய ஆவணத்தைச் சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பை, தேடிப் பாருங்கள். மதிப்பு பூஜ்யம் என்று காட்டினால், பதிவைத் தடுப்பதற்காகவே அப்படி வைத்திருக்க வாய்ப்புண்டு, அங்கேயே நின்றுவிடுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் தாய்ப்பத்திரம் (சொத்தின் மூல ஆவணம்), பிறகு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலில் உரிமையாளர் பெயர் யாருடையது என்பது, அதன் பின்னரே வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்). பலர் வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்றதும் மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். கோயில் தன் நிலத்தை நூறாண்டாக விற்கவே இல்லை என்றால் அதில் என்ன பதிவு இருக்கப் போகிறது?

தென்னந்தோப்பு மனைக்கு, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒரு மனையாவது விற்கப்பட்ட மனைப்பிரிவுகளுக்கே, அங்கீகாரமில்லாத மனைகளைப் பின்னர் முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் பொருந்தும். அதற்குப் பிறகு பிரித்ததற்கு அந்த வழி கிடையாது. அடுத்தது, கட்டடம் கட்டக் கட்டுப்பாடுகள் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலும், அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகங்களின் கரைகளிலும் அது பொருந்தும். நகராட்சிக்குள் கட்டடம் நிறைந்த பகுதிக்கு ஒரு விதி, ஊராட்சிப் பகுதிக்கு வேறு விதி. மனையின் புல எண் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை மாவட்ட நிர்வாகத்தில் உள்ள கடலோர மண்டல வரைபடத்தில் பார்த்து, எழுத்தில் பெறுங்கள். தரகர் காலடி வைத்து அளந்து காட்டுவது செல்லாது.

---

உப்புச்சுவர் எழுதியது:

நான் கட்டுமானப் பொறியாளர். இந்தக் கடற்கரையில் இருபது ஆண்டுகளாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்து வருகிறேன். அந்த ஓட்டு வீட்டைவிட, அதன் பின்னால் உள்ள 1990-களின் தளம் போட்ட அறைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சுண்ணாம்புக் காரையும் நாட்டு ஓடும் தேக்கு உத்திரமும் உப்புக்காற்றைத் தாங்கிக்கொள்ளும். உள்ளே கம்பி இருக்கும் கான்கிரீட் அப்படியல்ல. உப்பு கான்கிரீட்டின் வழியாக ஊறிக் கம்பியை அடைந்ததும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெள்ளையடித்த கூரையில் இது முதலில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் அறையின் மூலையில் நின்று, தளத்தின் அடிப்பகுதியைச் சாய்வாகப் பாருங்கள். நேர்கோடாக ஓடும் மெல்லிய விரிசலும் அதன் ஓரத்தில் காப்பிக்கறை போன்ற பழுப்பும் இருந்தால் அதன் மேலேதான் கம்பி இருக்கிறது. ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உப்பியிருக்கும் இடம் பொத்தென்று ஒலிக்கும். விற்பதற்குச் சற்று முன் புதிதாகப் பூசி வண்ணம் அடித்திருந்தால் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கட்டுவதானால், கடலோரக் காற்றில் நிற்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 456, குறைந்தது எம் 30 வலிமைத் தரமுள்ள கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனமும் கேட்கிறது. நடைமுறையில் ஓசூரில் போடுவதையே இங்கும் போட்டுவிட்டுப் போகிறார்கள். இதைவிட மோசமானது, மனையிலேயே ஆழ்துளை போட்டு அந்த உவர்நீரில் கலவை கலப்பது. கம்பிக் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காற்று உப்பைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும்; இப்படிக் கட்டினால் முதல் நாளே உப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம். கலவைக்கும் நீராற்றுதலுக்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதற்கும்) நல்ல தண்ணீரை லாரியில் வாங்குங்கள். அந்தச் செலவைக் குறைக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

குடிநீரைப் பற்றியும் ஒன்று. கடற்கரை மணல்மேடுகளில் மழைநீர் இறங்கி, உவர்நீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும். ஆழமில்லாத கிணற்றில் அது இனிப்பாக இருக்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் துளைத்தாலோ மோட்டார் வைத்து அதிகம் இறைத்தாலோ கீழே இருக்கும் உப்பு மேலேறி வந்துவிடும். எனவே அந்த வீட்டுக் கிணற்று நீரை மழை முடிந்த டிசம்பரில் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். மே மாதம் வந்து பாருங்கள். நகராட்சிக் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைத் தரகரிடம் கேட்காமல், எதிர்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

---

கீச்சாங்குப்பத்துப் பெண் எழுதியது:

ஐயா, நான் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினான்கு வயது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று போனார்கள். கடலைக் காட்டி யாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை; நாங்கள் இன்னும் அதன் அருகில்தான் வாழ்கிறோம். ஆனால் "கடற்கரைக்கு நடந்தே போகலாம்" என்பதை நீங்கள் ஒரு வசதியாக மட்டும் எண்ணக் கூடாது. அந்த மனையிலிருந்து மேட்டுப் பகுதிக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன, இடையில் வாய்க்காலோ ஆறோ குறுக்கிடுகிறதா, பாலம் ஒன்றுதானா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அன்று எங்களில் பலருக்கு அந்தக் கணக்குத்தான் உயிராக இருந்தது.

புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது தோப்புகளில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நெடுநாள் ஆயிற்று. தோப்பு மனையில் தென்னையை வைத்துக்கொண்டு வீடு கட்டுவதானால், மரம் சாய்ந்தால் கூரையைத் தொடாத தூரம் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரையில் வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் வழியும் பட்டாவில் இருக்காது, ஆனால் அவை ஊருக்குச் சொந்தம். வெளியூரிலிருந்து வாங்கியவர்கள் வந்ததும் சுற்றுச்சுவர் எழுப்பி அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் மனக்கசப்பு. வாங்குவதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். மரியாதையாக வந்து கேட்பவரை எங்கள் ஊர் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை.

வயதான காலத்தில் இங்கே வாழ்வது நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். காலையில் மீன் வாங்கி, மாலையில் காற்று வாங்கி வாழ்வதற்கு இதைவிட ஊர் இல்லை. மருத்துவத்திற்கு ஒரத்தூரில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதயம், நரம்பு என்று பெரிய சிக்கல் வந்தால் இன்னும் தஞ்சாவூருக்கே ஓடுகிறோம். தொடர் சிகிச்சை தேவைப்படுபவராக இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நெய்தல்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்ததும் தரகரிடம் ஓட்டு வீட்டின் பத்திர நகலை முழுமையாகக் கேட்டு வாங்கினேன். பதினோராம் பக்கத்தில், எல்லை விவரங்களுக்குக் கீழே, "அடிமனை நீங்கலாக" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. என் மனைவி சற்று நேரம் எதுவும் பேசவில்லை. சிறுவயதில் அந்தத் தெருவில்தான் அவர் பாண்டி ஆடியிருக்கிறார். முன்பணம் கொடுக்காமல் தப்பித்தோம்.

தோப்பு மனைக்கு அங்கீகார எண்ணைக் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை. இப்போதைக்கு எதையும் வாங்காமல், ஓய்வு பெற்றதும் நகரத்தில் ஓர் ஆண்டுக்கு வாடகை வீடு எடுத்துத் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். மே மாதத் தண்ணீரையும் நவம்பர் மழையையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம்.

---

சங்கிலி அளவை எழுதியது:

சரியான முடிவு ஐயா. வாடகை வீட்டுக்குப் போகும்போதும் அது யாருடைய மனையில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். மே மாதம் வந்ததும் இங்கே எழுதுங்கள்; புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானே உடன் வந்து எல்லைக்கல்லைக் காட்டுகிறேன்.