ஜேசிபி ஆம் சிலிண்டர் ரிப்பேருக்கு ஒன்றே முக்கால் இலட்சம் கேட்கிறார்கள், நியாயமா?

கொட்டகலை பெக்கோ:
வணக்கம், விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது பழைய ஜேசிபி 3டிஎக்ஸ், பின்பக்கம் தோண்டுகிற கை உள்ள பெக்கோ மெஷின். 2025 நவம்பரில் டித்வா புயலில் மண் சரிந்ததிலிருந்து தோட்டப் பாதைகளில் மண்ணும் கல்லும் அள்ளுகிற வேலைதான் அதிகம். பின்பக்க ஆம் சிலிண்டரில் (தோண்டுகிற கையை மடக்கி நீட்டுகிற ஹைட்ரோலிக் சிலிண்டர்) கிளாண்ட் பக்கம், அதாவது ராட் என்கிற தண்டு வெளியே வருகிற வாய்ப்பக்கம், ஒயில் வடிகிறது. ஊர் கராஜில் சீல் கிட் (ஒயில் கசியாமல் தடுக்கிற வளையங்கள்) மாற்றினோம், கொஞ்ச காலம் நன்றாக இருந்தது, இப்போது திரும்பவும் அதே இடத்தில் கசிகிறது, முன்பை விட மோசமாக. கண்டிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கேட்டேன், ராட், சீல், ஹோனிங் (சிலிண்டரின் உள்பக்கத்தைத் தேய்த்துச் சீராக்குவது) எல்லாம் சேர்த்து 175,000 என்று போனிலேயே விலை சொல்லிவிட்டார்கள். ஊரில் ஒரு மெக்கானிக் பாஸ் 40,000 தந்தால் சீல் மாற்றி, ராட்டுக்குப் பொலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஒரே சிலிண்டருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? மாதம் பிறந்தால் லீசிங் கட்ட வேண்டும், மெஷின் நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்கு நஷ்டம்.

லேத் வேலை, கம்பளை:
அண்ணே, அவர்கள் இரண்டு பேரும் விலை சொன்னது இரண்டு வேறு வேலைக்கு. சிலிண்டரைக் கழற்றி அளவெடுக்காமல் சொல்கிற எந்த விலையும் ஒரு ஊகம்தான், கூடச் சொன்னாலும் சரி, குறையச் சொன்னாலும் சரி. முதலில் மெஷினில் இருக்கும்போதே ஒன்று பாருங்கள். ராட்டை முழுவதும் வெளியே நீட்டி, இஞ்சினை நிறுத்தி, ராட்டைத் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்த இடம் ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலின் உதட்டைக் கிழிக்கும். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அதே கதைதான். ராட்டின் மேல் உள்ள குரோம் பெரும்பாலும் 0.02, 0.03 மில்லிமீட்டர்தான், அது உடைந்து துரு இரும்புக்குள் இறங்கிவிட்டால் பொலிஷ் போட்டுத் தீராது. பொலிஷ் பளபளப்பைத்தான் தரும், குழியை நிரப்பாது.

குழி விழுந்த ராட்டுக்கு இரண்டு வழி. பழைய குரோமை எடுத்து, ஆழமான குழியை வெல்ட் வைத்து நிரப்பி, கிரைண்ட் பண்ணி, திரும்பக் குரோம் ஏற்றி அளவுக்குக் கொண்டு வருவது ஒன்று. பெரும்பாலான லேத்களில் குரோம் தொட்டி கிடையாது, வெளியே அனுப்ப வேண்டும், அதனால் நாளும் போகும் காசும் போகும். மற்றது, குரோம் ஏற்றியே விற்கிற புது பாரை (இரும்புத் தண்டு) வாங்கி, நீளத்துக்கு வெட்டி, பிஸ்டன் பக்கம் திரெட் போட்டு, பழைய கண்ணை (ராட் நுனியில் பின் மாட்டுகிற வளையம்) வெட்டி எடுத்து அதில் வெல்ட் பண்ணுவது. ராட் 50, 60 மில்லிமீட்டர் என்று வழக்கமான அளவில் இருந்தால் இரண்டாவது வழிதான் பல நேரம் மலிவு, உறுதியும் கூட. ஆனால் வெல்ட் பண்ணுவதற்கு முன் சூடாக்குகிறார்களா, மெதுவாக ஆறவிடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பச்சையாக வெல்ட் அடித்துத் தண்ணீரில் ஆற்றினால் கண் கழுத்தோடு உடைந்து விழும், அதற்குக் கீழே மனிதர்கள் நிற்கிறார்கள்.

பண்டாரவளை ஓனர்:
எனக்கு இந்த லேத் வேலையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. என்னுடைய மெஷினுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் பாவித்த சிலிண்டர் ஒன்று முழுதாக எடுத்துப் போட்டேன், ரிப்பேருக்குக் கேட்ட காசை விடக் குறைவாகவே முடிந்தது, காத்திருக்கவும் இல்லை. 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு சீல், பார் எல்லாம் ஏறின விலைதான், டொலர் இறங்கியும் பழைய விலை திரும்பி வரவில்லை.

லேத் வேலை, கம்பளை:
அது நல்ல சிலிண்டராக அமைந்தால் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாவித்ததை வாங்குகிறவர் அங்கேயே கிளாண்டைத் திறந்து, டியூபுக்குள் (சிலிண்டரின் வெளிக் குழாய்) லைட் அடித்துப் பார்த்து வாங்க வேண்டும், வெளியே பெயின்ட் அடித்ததைப் பார்த்து வாங்கக் கூடாது. டியூபில் நீளமாக ஆழக் கீறல் இருந்தால் ஹோன் போட்டு எடுக்கும்போது உள்விட்டம் கூடிவிடும், அப்புறம் கிட்டில் வருகிற பிஸ்டன் சீல் இறுக்கமாக நிற்காது. அந்த நிலைமைக்குப் போனால் டியூபையே மாற்ற வேண்டும். எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு: புது சிலிண்டர் விலையில் மூன்றில் இரண்டு பங்கை ரிப்பேர் தாண்டினால் புதிதே வாங்குங்கள் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

கொட்டகலை பெக்கோ:
நன்றி தம்பி. இப்போதுதான் நகம் வைத்துப் பார்த்தேன், நடுவில் ஓரிடத்தில் நன்றாகத் தட்டுகிறது, பக்கத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. அப்போ 40,000 கொடுத்தாலும் வீண்தானா?

ஒபரேட்டர், தலவாக்கலை:
வீண்தான் அண்ணே. மெஷின் ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த மெஷினில் ஆம் சிலிண்டர் பூமுக்கு (மெஷினோடு பூட்டிய முதல் கை) மேலே படுத்திருக்கிறது, சரிவை வெட்டும்போது மேலிருந்து உருளுகிற கல் நேராக ராட்டில்தான் விழும். ஆம் கையை மடக்கி நிறுத்தினால் அந்த ராட் முழுதாக வெளியே நிற்கும், இரவெல்லாம் பனியும் மழையும் அதன் மேல்தான். அந்தக் கறுப்புப் புள்ளி அப்படித்தான் வருகிறது. இடமிருந்தால் ஆம் கையை நீட்டி, பக்கெட்டைத் திறந்து தரையில் வைத்து நிறுத்துங்கள், ராட் உள்ளே போய்விடும். தோட்டப் பாதையில் அதற்கு இடம் கிடைக்காது, அப்போது வெளியே நிற்கிற ராட்டில் கிரீஸ் பூசுங்கள், ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதில் ஒட்டின மண்ணே சீலைத் தின்றுவிடும்.

அத்தோடு சிலிண்டரைப் பூட்டுகிற பின்னையும் (கம்பி ஆணி) அது உட்காருகிற புஷ்ஷையும் (உள்வளையம்) பாருங்கள். அவை தேய்ந்து ஆட்டம் இருந்தால் ராட் பக்கவாட்டில் இழுபட்டு கிளாண்டை ஒரு பக்கமாகத் தேய்க்கும். அதை விட்டுவிட்டுப் புது ராட் போட்டாலும் சீல் நிற்காது.

லேத் வேலை, கம்பளை:
அவர் சொன்னது ரொம்பச் சரி, புஷ்ஷை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கழற்றும்போது உள்ளிருந்து எடுக்கிற சீலை எறியாமல் கேட்டு வாங்குங்கள். உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புஷ் அல்லது வளைந்த ராட், கல் மாதிரி இறுகி வெடித்திருந்தால் ஒயில் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது, நீளக் கீறலாக இருந்தால் ராட்டின் குழிதான் காரணம்.

விலையை மொத்தமாகப் பேசாதீர்கள். பார் எவ்வளவு, லேத் கூலி எவ்வளவு, ஹோனிங் தேவையா, சீல் கிட் எந்தக் கம்பனி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். டியூப் நன்றாக இருந்தால் ஹோனிங் கணக்கே வராது, நீங்கள் சொன்ன 175,000-இல் அது சும்மா சேர்ந்திருக்கலாம். பூட்டி முடித்து 250 பார் (பிரஷரின் அலகு) அளவில் பிரஷர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுக்கிற இடத்தில் வேலை கொடுக்காதீர்கள். கழற்றுவதற்கு முன் ஆம் கையைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுத்து, இஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை ஆட்டிப் பிரஷரை இறக்க வேண்டும். கசிகிற இடத்தைக் கையால் தடவவே கூடாது, ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீறுகிற ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படிப் போனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டு வைத்துப் பாருங்கள்.

கொட்டகலை பெக்கோ:
சரி, அப்படியே செய்கிறேன். வருகிற திங்கட்கிழமை கழற்றி, சிலிண்டரை மட்டும் பட்டா லொறியில் போட்டுக் கொண்டு போகிறோம், புஷ்ஷையும் அன்றைக்கே அளந்துவிடச் சொல்கிறேன். தனித்தனி விலை வந்ததும் இங்கே போடுகிறேன், அதில் எதாவது கூட இருந்தால் சொல்லுங்கள்.