பள்ளி ஆய்வகம், அலுவலகம், சிசிடிவி எல்லாம் ஒரே நெட்வொர்க்கில்: எப்படிப் பிரிப்பது?

கரும்பலகை:
வணக்கம். எங்கள் பள்ளியின் இப்போதைய அமைப்பு இது. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. கம்பெனிக்காரர் வைத்த மோடத்தின் லேன் போர்ட்களில் அலுவலகக் கணினிகள் 3, மீதி ஒரு போர்ட்டிலிருந்து ஆய்வகத்தின் 24 போர்ட் சாதா ஸ்விட்ச். அதில் மாணவர் கணினிகள் 20, என்விஆர் (கேமராக் காட்சியைப் பதியும் பெட்டி), 8 கேமராக்களுக்கான பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தருவது). எமிஸ் (அரசின் பள்ளித் தகவல் தளம்) பதிவு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் அலுவலகக் கணினியில். மாணவர் கணினியில் 'நெட்வொர்க்'கைத் திறந்தால் அலுவலக ஃபோல்டர் தெரிகிறது. இதைப் பிரிக்க என்ன வாங்க வேண்டும்? என்விஆரில் 4 டிபி டிஸ்க் உள்ளது, 30 நாள் பதிவு நிற்குமா? தலைமையாசிரியர் கேமராவை மொபைலிலும் பார்க்க விரும்புகிறார்.

செம்புக்கம்பி:
சார், 24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) ஒன்று, விலான் தெரிந்த ரவுட்டர் ஒன்று. விலான் என்பது ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. விலான் 10 அலுவலகம், 20 ஆய்வகம், 30 கேமரா. விலை குறைந்த ஸ்மார்ட் ஸ்விட்ச்களில் எல்லாரும் மாட்டுவது ஒரே இடம்தான்: போர்ட்டை விலான் 20-இல் சேர்ப்பது ஒரு பக்கம், அந்த போர்ட்டின் பிவிஐடி-யை (உள்ளே வருவது எந்த விலானில் சேரும் என்ற எண்) 20 ஆக்குவது வேறு பக்கம். இரண்டாவதை விட்டால் கணினி அனுப்புவது எல்லா போர்ட்டும் தொடக்கத்தில் இருக்கும் விலான் 1-க்கே போகும், ஐபி கிடைக்காது. போர்ட்டை விலான் 1-லிருந்து நீக்கவும் வேண்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். விலான் போட்டதும் பிரிந்துவிட்டது என்று நினைக்காதீங்க. பல ரவுட்டர்கள் விலான்களுக்கு இடையே தாராளமாக வழி விடும். ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்குத் தடை என்று ரவுட்டரின் ஃபயர்வாலில் (எது போகலாம், எது கூடாது என்ற விதிகள்) தனியாக எழுதணும். அலுவலகத்திலிருந்து ஆய்வகத்துக்கு அனுமதி, அதற்கு வரும் பதிலுக்கும் அனுமதி. அப்போது வினாத்தாளை அலுவலகத்திலிருந்து அனுப்பலாம், மாணவர் பக்கமிருந்து எதையும் திறக்க முடியாது.

மாடிப்படி:
செம்புக்கம்பி சொல்வது சரி, ஆனால் இந்தப் பள்ளிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. கேபிள்கள் ஏற்கெனவே பாதி பிரிந்துதான் கிடக்கின்றன. ஒவ்வொரு போர்ட்டையும் தனி நெட்வொர்க்காக்கத் தெரிந்த 5 போர்ட் ரவுட்டர் ஒன்று போதும், மைக்ரோடிக் ஹெக்ஸ் மாதிரி. 1-இல் மோடம், 2-இல் ஆய்வக ஸ்விட்ச், 3-இல் பிஓஇ ஸ்விட்ச், 4-இல் அலுவலகத்துக்கு ஒரு 5 போர்ட் சாதா ஸ்விட்ச். என்விஆர் கேபிளை ஆய்வக ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கி பிஓஇ ஸ்விட்ச்சின் அப்லிங்க் போர்ட்டில் செருகுங்க. பிவிஐடி தலைவலியே கிடையாது. மேலே சொன்ன ஃபயர்வால் விதிகள் மட்டும் அப்படியே வேண்டும். மோடத்தில் வேறு எந்தக் கேபிளும் இருக்கக் கூடாது, அதன் வைஃபையையும் அணைத்துவிடுங்க. இல்லையென்றால் அந்த வழியாக வருபவர் உங்கள் ஃபயர்வால் விதிகளில் சிக்கவே மாட்டார்.

கேமரா நெட்வொர்க்குக்கு இணையமே கொடுக்காதீங்க. 2016-இல் மிராய் என்ற தீம்பொருள் பரவியது தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்கள், டிவிஆர்கள் வழியாகத்தான். ஒன்றே ஒன்று: இணையம் இல்லாத என்விஆரின் கடிகாரம் மெல்ல விலகும், பிறகு பதிவு ஆதாரத்துக்கு உதவாது. ரவுட்டரையே என்டிபி சர்வராக (சரியான நேரம் சொல்வது) வைத்து என்விஆரை அதைப் பார்க்கச் சொல்லுங்க.

டிஸ்க் கணக்கு: ஒரு கேமராவின் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவு) 2 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 21.6 ஜிபி. 8 கேமராவுக்கு 173 ஜிபி. 4 டிபி 23 நாளில் நிரம்பும். பிட்ரேட்டை 1.5 எம்பிபிஎஸ் ஆக்கினால் சுமார் 30 நாள், ஆனால் இழுபறிதான். 6 டிபி போட்டால் 2 எம்பிபிஎஸ்-இலேயே 34 நாள் வரும்.

கரும்பலகை:
மிக்க நன்றி. இணையம் இல்லாவிட்டால் மொபைலில் பார்ப்பது எப்படி? போர்ட் ஃபார்வர்டு, அதாவது இணையத்திலிருந்து என்விஆருக்கு நேரடி வழி திறக்கச் சொல்கிறார் கேமராக்காரர்.

மாடிப்படி:
வேண்டவே வேண்டாம். ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து பள்ளி நெட்வொர்க்குக்குப் பூட்டிய ரகசிய வழி) போட்டு, மொபைலில் அதன் வழியாக என்விஆரைத் திறக்கலாம். முதலில் மோடத்தின் வேன் ஐபியை (இணையப் பக்க முகவரி) பாருங்க. 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்கிறது, வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அப்போது ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத பொது முகவரி) கேட்கணும், தனிக் கட்டணம். பொது ஐபி இருந்தால் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்க, பொது ஐபி நேராக உங்கள் ரவுட்டருக்கு வரும். எதுவும் சரிவராவிட்டால் தலைமையாசிரியர் அறையில் எச்டிஎம்ஐ மானிட்டர், அவ்வளவுதான்.

நூல்கண்டு:
மாணவர் பக்கத்துக்கு இரண்டு விஷயம். ஆய்வக நெட்வொர்க்கின் டிஎன்எஸ்-ஐ (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.3 என்று வையுங்க, ஆபாசத் தளங்களும் தீம்பொருள் தளங்களும் அடைபடும். வேறு டிஎன்எஸ்-ஐத் தேடி போர்ட் 53-இல் வெளியே போகும் எல்லாவற்றையும் ரவுட்டரிலேயே மடக்குங்க, மறையாக்கிய டிஎன்எஸ் போகும் 853-ஐ மூடுங்க. அப்படியும் பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' இருந்தால் வடிகட்டியைத் தாண்டிவிடும். அதை பாலிசி (மாணவர் மாற்ற முடியாத கணினி அமைப்பு) மூலம் அணைக்கணும். மாணவர் கணக்கு அட்மின் கணக்காக இருந்தால் இதெல்லாம் ஒரு பீரியடுக்குள் கலைந்துவிடும்.

அலுவலகக் கணினியில் எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸின் பழைய ஃபோல்டர் பகிர்வு முறை) நீக்குங்க. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை ரான்சம்வேர் அதன் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. மதிப்பெண் கோப்புகளுக்கு இரண்டு யுஎஸ்பி டிஸ்க், வாரம் மாற்றி வாரம். நகல் எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்க. செருகியபடியே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.