வேலூர் பக்கம் அமைதியா ஒரு இடம் சொல்லுங்க, கல்யாணத்துக்குக் கேட்கப் போறேன்

வணக்கம். நானும் என் காதலியும் மூணு வருஷமா பழகுறோம். பொங்கல் முடிஞ்ச மறுவாரம், புதன்கிழமை, "என்னைக் கட்டிக்கிறியா?"ன்னு அவகிட்ட வாய்விட்டுக் கேட்கணும். இடம்தான் அமையல.

கோட்டை அகழி ஓரம் ரெண்டு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிஞ்ச முகம், மனசுவிட்டுப் பேச முடியாது. ஏலகிரி புங்கனூர் ஏரி அழகுதான், ஆனா 14 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கறதுக்குள்ள இருட்டிடும். அமிர்தி போனேன், அருவியில தண்ணியே இல்ல.

என் மனசு நின்னது வள்ளிமலையில. முருகன் வள்ளியைத் தேடி வந்து கைப்பிடிச்ச மலைன்னு சொல்வாங்க இல்லையா, அவளுக்குச் சின்ன வயசுலருந்தே அந்தக் கதைன்னா உசிரு. அவங்க பாட்டி சொல்லித் தூங்க வச்ச கதை. ஆனா அவ நர்ஸ், வார்டுல நின்னு நின்னு முழங்கால் வலி, இப்போதைக்குப் படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அவளுக்கு மதியம் 2 மணிக்கு டியூட்டி முடியும், 7 மணிக்குள்ள ஹாஸ்டல் திரும்பணும். காட்பாடியிலருந்து ஸ்கூட்டர்ல கிளம்புறோம்.

வள்ளிமலை அடிவாரத்துலயோ போற வழியிலயோ, படி ஏறாம, சாயங்கால வெயில்ல மலையைப் பார்த்தபடி ரெண்டு பேர் பயமில்லாம உட்கார்ந்து பேசற இடம் எது?