படியெண்ணா, பிரதி எண்ணா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

*கோபி (கோபிசெட்டிபாளையம்), அட்டவணைப் பொறுப்பு:*

குழுவினர்க்கு வணக்கமுங்க.

நம் ஏழு படிப்பகங்களின் நூல்களையும் ஒரே பொது அட்டவணையில் ஏற்றும் வேலை முக்கால்வாசி முடிந்தது. கோஹா என்னும் நூலக மென்பொருளின் திரைச் சொற்களைக் கையோடு தமிழாக்கி வருகிறேன். 952-ஆம் புலத்தில் (ஃபீல்டு) 't' உட்புலத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே வருவது காப்பி நம்பர், அதாவது ஒரே நூல் ஒன்றுக்கு மேல் இருந்தால் இது எத்தனையாவது என்று காட்டும் எண். திரையில் மட்டும் என்றால் அவசரமில்லை. நூலின் முதுகில் ஒட்டும் சீட்டிலும் அது வருகிறது. சீட்டு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பெரியசாமித் தூரன் ஐயா முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியம் எங்களிடம் இரண்டு செட் உண்டு. 1954-இல் தொடங்கி 1968-இல் முடிந்த பத்துத் தொகுதிகள். மாதிரிச் சீட்டில் மேலே 3, கீழே 2 என்று அடித்து ஒட்டியிருந்தேன். பத்தாவது படிக்கிற பையன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மூணாவதா ரெண்டாவதா?" என்றான். தொகுதி 3, அதில் நம்மிடம் உள்ள இரண்டாவது. அந்த 'இரண்டாவது'க்கு முன்னால் ஒரு சொல் நின்றிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான். அந்தத் தொகுதியின் முதலாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை என்பது தனி வெசனம்.

*பெருந்துறை, தமிழாசிரியர்:*

அம்மணி, இதற்கு ஏன் இத்தனை யோசனை? படி. எண்ணோடு சேர்ந்தால் படியெண். இகர ஈற்றின் முன் உயிர் வர யகர உடம்படுமெய், உச்சரிக்கத் தடையில்லை. கையெழுத்துப்படி, தட்டச்சுப்படி, திருத்தப்படி என்று நாள்தோறும் எழுதுகிறோம். நகல் மட்டும் வேண்டாம். நகல் என்றால் அசல் எங்கே என்ற கேள்வி வரும். அச்சான ஆயிரம் நூலில் எது அசல்?

*ஈரோடு, ஓய்வுபெற்ற நூலகர்:*

நகல் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முப்பது ஆண்டு நூலகத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருகிறவர்கள் "இன்னொரு பிரதி இருக்குதுங்களா" என்றுதான் கேட்பார்கள், இல்லாவிட்டால் "இன்னொரு புக்கு". படி என்று ஒருவரும் கேட்டதில்லை. '2-ஆம் படி' என்று சீட்டில் போட்டால் அலமாரியின் இரண்டாம் தட்டைத்தான் பார்ப்பார்கள். உ.வே.சா. ஏட்டுப் பிரதி என்று எழுதினார். அதனால் தமிழ் கெட்டுவிடவில்லை.

நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் இந்தச் சிக்கலைச் சொல்லே இல்லாமல் தீர்த்தவர். நூல்களை வகைப்படுத்த அவர் வகுத்த கோலன் பகுப்பில் நூலெண்ணுக்குள் தொகுதிக்கு முன் ஒரு புள்ளி. பிரதிக்கு முன் அரைப்புள்ளி. கண் பழகினால் போதும். நாமும் குறியீடு போடலாமே?

*கோபி:*

குறியீடு நூலகருக்குப் பழகுமுங்க ஐயா. பத்தாவது பையனுக்கு?

*கோவை, மொழியியல் மாணவி:*

ஒரு செய்தி. பிரதி வடசொல், படி தனித்தமிழ் என்று அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாது. வடமொழி 'பிரதி' என்னும் முன்னொட்டு பிராகிருதத்தில் 'படி' என்றே ஒலிக்கும். பிரதிமா அங்கே படிமா ஆனது. நம் படிமம், படிமை ஆகியவற்றை அதனோடு சேர்ப்பவர்கள் உண்டு. ஐயாவின் படியும் நூலகர் ஐயாவின் பிரதியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம்.

*பெருந்துறை, தமிழாசிரியர்:*

கண்ணு, ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. அப்படி, இப்படி, எப்படி என்பவற்றில் உள்ள படி எங்கிருந்து வந்தது? சொன்னபடி, கேட்டபடி? எல்லாம் 'ஒத்த விதம்' என்ற பொருள்தான். வேர் படிதல். வாய்க்கால் தண்ணீரில் வண்டல் படிகிறது. திருப்பூரில் துணியில் சாயம் படிகிறது. அச்சில் எழுத்து தாளில் படிகிறது, படிந்தது படி. முல்லைப்பாட்டில் 'படிவப் பார்ப்பான்' வருகிறான். அங்கே படிவம் தவக்கோலம். ஒரு கோலத்தை மேற்கொள்வதும் ஓர் உருவை ஏற்பதும் ஒரே கருத்தின் இரு கிளைகள். அளக்கிற படிக்கும் இதே வேர்தானா என்பது பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

*கோபி:*

ஐயா, நாளைக்கு வியாழன்.

*காங்கயம், ஆடு வளர்ப்பவர், படிப்பகப் பொருளாளர்:*

நான் புலவனில்லைங்க. எங்க பட்டியில் ஆட்டை எண்ணும்போது "எத்தனை உருப்படி" என்போம். வெளுக்கப் போட்ட துணிக்கும் உருப்படிதான். உருவும் படியும் அதிலேயே இருக்குது. உருப்படி எண் என்று வைத்தால் எல்லோருக்கும் விளங்குமே?

*கோபி:*

அண்ணா, அந்தச் சொல் எனக்கும் ரொம்பப் பிடித்தது. ஆனால் அதை ஏற்கெனவே வேறு இடத்தில் போட்டுவிட்டேன். கோஹாவில் ஒரு நூலுக்கு ஒரே நூற்பதிவு. அதன் கீழ் கையில் பிடிக்கக்கூடிய ஒவ்வொன்றும் ஓர் உருப்படி. பட்டைக்குறி (பார்கோடு) உருப்படிக்கு உரியது, ஏழு படிப்பகத்திலும் இரண்டுக்கு ஒரே பட்டைக்குறி வராது. சேர்க்கை எண்ணும் அப்படித்தான், பதிவேட்டில் ஒருமுறை ஏறினால் நூல் தொலைந்தாலும் இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டோம். காப்பி நம்பர் அந்த இனம் இல்லை. கோபியில் ஒரு 1, பெருந்துறையில் ஒரு 1, காங்கயத்தில் ஒரு 1 இருக்கும். மூன்றும் சரி. இரவல் கொடுக்க அது வேண்டியதில்லை. அலமாரி முன் நிற்கும் மனிதர் கண்ணுக்கு மட்டும்தான் அது. உருப்படி எண் என்றால் ஆளுக்கு ஓர் ஆதார் எண் போலத் தோன்றிவிடும்.

*கோவை, மாணவி:*

அப்படியானால் ஏழு இடத்துக்கும் தொடர்ச்சியாக எண் போட்டுவிடலாமே அக்கா? கோபிக்கு 1, 2, பெருந்துறைக்கு 3?

*கோபி:*

வேண்டாம் கண்ணு. நாளைக்குப் பெருந்துறையில் இன்னொன்று வாங்கினால் அது 7, 8 என்று எங்கோ போகும். அந்த அலமாரியில் 3-உம் 8-உம் மட்டும் நிற்கும். மற்றது தொலைந்துவிட்டதென்று தேடுவார்கள். அவரவர் இடத்தில் 1-லிருந்து போடட்டும், சீட்டின் மேல்வரியில் ஊர்க்குறி இருக்கிறது.

வியாழன் இரவு ஆகிவிட்டது. பதில் எழுதிய ஒன்பது பேரில் ஐந்து பேர் படியெண், மூன்று பேர் பிரதி எண், ஒருவர் உருப்படி. எனவே திரையில் 'படியெண்'. '2-ஆம் படி' என்று எங்கும் வராது; எண் பின்னால்தான். சீட்டில் 'ப' என்று சுருக்கினால் பக்கம் என்று நினைப்பார்கள் என்பதால் முழுதாக 'படி 2', அதற்கு மேல்வரியில் 'தொகுதி 3'. இரண்டும் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் அடங்குகின்றன, அடித்துப் பார்த்துவிட்டேன்.

*ஈரோடு, ஓய்வுபெற்ற நூலகர்:*

முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். உடன்பாடில்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன். 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் கலைச்சொல்லுக்காகவே வைத்த சங்கத்தின் பெயர் 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்'. அன்று பரிபாஷை, இன்று கலைச்சொல். ஒரு சொல்லை மக்கள் எடுத்துக்கொள்ள இத்தனை காலம் ஆகிறது. எங்கள் ஊர்ச் சீட்டில் ஓராண்டுக்காவது 'பிரதி 2' என்று அடிக்க அனுமதி கேட்கிறேன். எண் ஒன்றுதான், அட்டவணை கெடாது.

*பெருந்துறை, தமிழாசிரியர்:*

அட்டவணை கெடாது, மொழி கெடும். இதை நான் விடப்போவதில்லை. அளவைப் படி பற்றிய குறிப்பைத் தனி இழையில் இடுகிறேன்.

*கோபி:*

ஈரோட்டுச் சீட்டை ஐயா விருப்பப்படியே அடிக்கிறேன், ஓராண்டு கழித்துப் பார்ப்போம்.

ஒரு நல்ல செய்தி. சீட்டு ஒட்ட அட்டாலியைக் காலி செய்தபோது கலைக்களஞ்சியம் மூன்றாம் தொகுதியின் முதலாவது கிடைத்துவிட்டது, முதுகு பிரிந்து, பழைய நாட்காட்டித் தாளில் சுற்றியிருந்தது. அதற்குத் 'தொகுதி 3, படி 1' என்று பழைய எண்ணையே கொடுத்துவிட்டேன். தைக்கக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை அலமாரிக்கு வரும்.