காஸ் காருக்குச் சொட்டு ஒயில் போத்தல் தேவையா?

நெல்லியடியான்: "பெற்றோல் காரை எல்பி காஸுக்கு மாற்றினால் வால்வ் எரியும், எஞ்சினுக்குள் காற்றுப் போகிற இன்ரேக்கில் ஒயில் சொட்டும் போத்தல் பூட்டாமல் ஓடவே கூடாது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பயம் காட்டி விற்கிற கதை இது. ரொயோட்டா கொம்போர்ட் டாக்சி 1995 தொடக்கம் ஜப்பானில் பெரும்பாலும் காஸில்தான் ஓடியது. அதில் போத்தலா இருந்தது?

கொக்குவில் கராஜ்: எழுதியது நான்தான். அந்த எஞ்சினைக் காஸுக்கென்றே செய்தார்கள், வால்வ் மூடி அமர்கிற சீற் கடினமானது. உங்கட எஞ்சின் பெற்றோலுக்குச் செய்தது. காஸ் வரண்டது, வால்வும் சீற்றும் அடிபடுகிற இடத்தில் படிய அதில் ஒன்றுமில்லை, போத்தல் ஒயில்தான் அங்கே படியும். புகை வெளியேறுகிற எக்ஸோஸ்ற் பக்கத்துச் சீற் தேயத் தேய வால்வ் உள்ளே ஏறும், வால்வுக்கும் அதைத் தள்ளுகிற ரப்பெற்றுக்கும் உள்ள இடைவெளி குறையும், கடைசியில் வால்வ் முழுக்க மூடாமல் எரியும். இடைவெளி குறைந்தால் சத்தமும் கேட்காது. அதுதான் ஆபத்து. போத்தல் வேண்டும்.

சுன்னாகம் ஏ40: 2002இல் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தினபோதும், படிய ஈயம் இல்லை, சீற் போய்விடும் என்றார்கள். எங்கட பழைய ஒஸ்ரின் ஏ40 கார் இன்னும் ஓடுது. சண்டைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின கார் அது.

கொக்குவில் கராஜ்: மண்ணெண்ணெயை ஏன் இழுக்கிறீர்கள் அண்ணை? உங்கட ஏ40 கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போகிற கார். ஏ9 வீதியில் சுமையோடு நாள் முழுக்க ஓடுகிற வானுக்குப் போத்தல் வேண்டும்.

சுன்னாகம் ஏ40: அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றினோம் தம்பி. வார்த்தையை அளந்து எழுதும்.

நெல்லியடியான்: காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ரொட்டில் பக்கத்து ஒரு துளையில் சொட்டுகிற ஒயில் நாலு சிலிண்டருக்கும் சமமாகப் போகுமென்று யார் சொன்னது? காஸ் குறைந்த கலவைதான் வால்வைச் சூடாக்கி எரிக்கும். ரியூனிங் தெரியாதவர்தான் போத்தலைக் காட்டுவார்.

கொக்குவில் கராஜ்: என்னையா சொல்கிறீர்? போத்தல் வேண்டாம் என்று நின்ற ஒருவரின் எஞ்சின் ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாம் சிலிண்டர் எக்ஸோஸ்ற் வால்வின் ஓரம் பிறை மாதிரிக் கரிந்து போயிருந்தது. சீற் விளிம்பில் நகம் வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது.

சாவகச்சேரி வான்: சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓடுகிறவர்களை முதலில் நிறுத்துங்கள். 2022இல் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை. அதற்கு எந்தப் போத்தல் உதவியது?

நெல்லியடியான்: அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? கராஜ்காரரே, மற்ற மூன்று சிலிண்டரும் ஏன் எரியவில்லை? ரப்பெற் இடைவெளி கடைசியாக எப்போது பார்த்தது? அதை எழுதுங்கள்.

கொக்குவில் கராஜ்: எதை எழுதினாலும் ரியூனிங் பிழை என்பீர்கள். என் கராஜில் போத்தல் இல்லாமல் ஒரு காரும் காஸுக்கு மாறாது.

நெல்லியடியான்: கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை.